சுண்ணாம்பு காயாத சுவர்

குழு வருகிறது என்ற செய்தி கிடைத்ததும் ஜெயகுமார் செய்த முதல் காரியம், ஒரு வாளி நிறையச் சுண்ணாம்பைக் கரைத்ததுதான்.

லீவில் வந்திருக்கும் மனிதன். வன்னியில் ஒரு இராணுவ முகாமில் லொறி ஓட்டுகிறான். வீட்டுக்கு வந்தால் முதலில் அடித்துப் போட்டதுபோல் தூங்குவான், எழுந்ததும் மகனைக் கூட்டிக்கொண்டு கடைப்பக்கம் போவான், அந்த நேரத்தில் நாமும் கொஞ்சம் கண்ணை மூடலாம் என்று சுபாஜினி நினைத்திருந்தாள். அவனோ பையைக்கூடப் பிரிக்காமல், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஸ்டூலில் ஏறிவிட்டான். லுணுகலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான பழைய லயம் ஒன்றில் கடைசிக் காம்பராதான் அவர்கள் வீடு. ஒரு அறை, ஒரு அடுப்படி, முன்னால் திண்ணைபோல் சின்ன இஸ்தோப்பு. சுவர் எல்லாம் புகை.

"செவுரு எந்தக் காலத்துல இருந்தோ இப்படித்தானே இருக்கு. இன்னிக்கு என்னங்க அவசரம்?" என்றாள்.

"வர்றது கர்னல், சுபா. கர்னல்னா யாருன்னு தெரியுமா ஒனக்கு?"

அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் தெம்பும் இல்லை.

அவனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். பெரிய துரை வருகிறார் என்றால் பாதையோரத்துப் புல்லை வெட்டுவார்கள். கொம்பனிக்காரர்கள் வந்தால் சாக்கடைக் கானைக் கழுவி விடுவார்கள். மந்திரி வந்தால் முன் லயத்துக்கு மட்டும் வெள்ளை அடிப்பார்கள். பின் லயம் மந்திரியின் கண்ணில் படாது, அது கறுப்பாகவே கிடக்கலாம். கூரை ஒழுகிச் சுவரில் கறை இறங்கியிருந்தால் அதன்மேல் ஒரு கலண்டரை மாட்டுவார்கள். வந்தவர்களும் பார்ப்பார்கள், தலையாட்டுவார்கள், பரவாயில்லையே, நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு வண்டி ஏறுவார்கள். அடுத்த மழைக்குக் கலண்டரும் நனையும். இத்தனை தலைமுறையாக இதைச் செய்தும் நம் சனத்துக்குச் சலிக்கவில்லை.

ஜெயகுமாருக்கு இதோடு ஆமியும் சேர்ந்துகொண்டது. அங்கே மேலதிகாரி பார்வையிட வந்தால் புல்லுக்குக்கூடத் தலைசீவி விடுவார்களாம். அவனே ஒருமுறை சிரித்துக்கொண்டு சொன்னான்.

அடிக்கிற சுண்ணாம்பெல்லாம் யாருக்காகவோ, அந்தப் பிள்ளை அறை மூலையில் உட்கார்ந்து ஒரு மூடியைச் சுழற்றிக்கொண்டிருந்தான். பிரவீனன், அவர்களின் ஒரே மகன், ஏழு வயது. பால்மா டின்னின் மூடி அது. தரையில் நிறுத்திச் சுழற்றிவிடுவான். அது ஆடி, சரிந்து, கிணுகிணுவென்று அடங்குகிறவரை குனிந்து பார்த்திருப்பான். பிறகு மறுபடியும். அது கையில் இருக்கும்வரை அவனைப்போல் நல்ல பிள்ளை இந்த உலகத்தில் கிடையாது. கையைவிட்டுப் போனால் லயம் முழுக்கக் கேட்கும். கத்துவான், தன் கையையே கடிப்பான், தலையைச் சுவரில் மோதுவான். நெற்றியில் ஒரு தழும்பு இருக்கிறது, அது ஆறுவதும் இல்லை, மறைவதும் இல்லை.

பதுளையில் ஒரு டொக்டர் பார்த்துவிட்டு ஓட்டிசம் என்று சொன்னார். நோய் இல்லையம்மா, மருந்தும் இல்லை, பயிற்சி கொடுத்தால் முன்னேறுவான் என்றார். பயிற்சியை எங்கே கொடுப்பார்கள் என்று கேட்டதற்கு அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். வேலைக்குப் போகிற பெண்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் ஒரு வாரம் வைத்துப் பார்த்த ஆயம்மா, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். அன்றிலிருந்து சுபாஜினிக்குக் கொழுந்து எடுக்கப் போவது என்பது, பக்கத்துக் காம்பரா இராக்கம்மாவுக்கு மனசு வந்த நாளில் மட்டும்தான்.

ஆமிக்காரர்களின் பிள்ளைகளுக்குச் சிகிச்சை இலவசம். அதில் பொய் இல்லை. கொழும்பில் இலவசம். லுணுகலையில் பஸ் ஏறி, பதுளையில் ரயில் ஏறி, ஹோர்ன் அடித்தால் அலறுகிற பிள்ளையை மடியில் அமுக்கிக்கொண்டு, சனம் முறைப்பதைப் பார்க்காமல் இருக்க வெளியே பார்த்துக்கொண்டு, அந்த இலவசத்தை வாங்கப் போய்வந்தாள். அங்கிருந்த மிஸ் தங்கமானவள். ஆனால் அவளுக்குத் தமிழ் வராது, பிள்ளைக்குச் சிங்களம் வராது. பல மாதம் அலைந்ததில் பிரவீனன் கற்றுக்கொண்டது ஒரே ஒரு சொல். ஊருக்கு வந்து, தண்ணீர் விழுகிற பீலியடியில் நின்று, "வதுர" என்றான். சிங்களத்தில் தண்ணீர். சுபாஜினி குடத்தைப் போட்டுவிட்டு அழுதாள். எம்புள்ள பேசிருச்சு என்று காம்பரா காம்பராவாகப் போய்ச் சொன்னாள். எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். ஒருத்தி மட்டும், "அம்மான்னு சொல்லலியா?" என்று கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி சுபாஜினியின் நெஞ்சில் அப்படியே நின்றுவிட்டது.

பிறகு ஜெயகுமாரை வேறு முகாமுக்கு மாற்றினார்கள். பயிற்சியில் பிள்ளையின் இடம் தகப்பனின் முகாமோடு கட்டப்பட்டதாம். தகப்பன் மாறினால் பிள்ளையின் பெயரும் வரிசையின் அடிக்குப் போய்விடுமாம். விதி அப்படி. விதியை எழுதியவருக்கு இப்படி ஒரு பிள்ளை இல்லை என்பது மட்டும் நிச்சயம். மறுபடி கூப்பிடுவார்கள், கூப்பிடுவார்கள் என்று காத்திருந்ததில், அந்த ஒரு சொல்லும் அவன் வாயைவிட்டுப் போனது.

கொழும்பு மிஸ்ஸின் அறைக்கு வெளியே காத்திருந்த காலத்தில்தான் ஹம்ஸியாவின் பழக்கம் கிடைத்தது. பதுளை டவுன்காரி. அவள் புருஷன் லத்தீபும் ஆமிதான், சமையல் பிரிவு. மகள் ஸிஹாமாவுக்கும் இதே கதை. வாய் ஓயாத மனுஷி. அழ வேண்டிய இடத்திலும் யாரையாவது கிண்டல் பண்ணிக்கொண்டிருப்பாள். வெலிமடையில் நில்மினி என்று ஒருத்தி, மரக்கறித் தோட்டக்காரக் குடும்பம், அவள் புருஷனும் படையில். மூன்று தாய்மாரும் சேர்ந்து கேட்டது இரண்டே விஷயம். ஊவா மாகாணத்திலேயே ஒரு பயிற்சி நிலையம் வேண்டும், தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும். தகப்பனை எங்கே தூக்கிப் போட்டாலும் பிள்ளையின் இடத்தில் கை வைக்கக் கூடாது.

கேட்பது சுலபம். எந்த மேசைக்குப் போனாலும் அடுத்த மேசையைக் காட்டினார்கள். அடுத்த மேசைக்காரர் லீவில் இருந்தார். ஒரு அதிகாரி, ஊவாவில் அப்படிப்பட்ட பிள்ளைகளே இல்லையே என்றார். அதனால் இவர்கள் வீடு வீடாகத் தேடிப் போனார்கள். பூனாகலையில் ஒரு ஆமிக்காரனின் மனைவி, உள் அறைக் கதவை வெளியே கொண்டி போட்டுவிட்டு வந்து, "எங்க வீட்ல அப்புடி யாரும் இல்லீங்க" என்றாள். உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சுபாஜினியும் ஹம்ஸியாவும் காதில் விழாததுபோல் அவள் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தார்கள். பஸ்ஸில் வரும்போது ஹம்ஸியாகூட எதுவும் பேசவில்லை.

எப்படியோ, கடைசியில் மேலே இருந்த யாரோ ஒருவர் அசைந்தார். ஒரு டொக்டர் கர்னலும் ஒரு மேடமும் வந்து இந்த மூன்று வீட்டையும் நேரில் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு அவர்கள் எழுதுவதுதான் முடிவு. நிலையம் தேவை என்றால் தேவை. தேவையில்லை என்றால் அத்தோடு சரி, இன்னொரு குழு இந்த மலைப்பக்கம் வராது.

அதற்குத்தான் இந்தச் சுண்ணாம்பு.

"நாளைக்கு அவங்க வரும்போது மூடிய அவன் கையிலயே குடுத்துரு," என்றான் ஜெயகுமார், ஸ்டூலில் நின்றபடி. "சத்தம் போடாம இருக்கட்டும்."

"அவன் சத்தம் போடுறதத்தானேங்க அவங்க பாக்கணும்?"

"பாத்து? இதுக வளக்கத் தெரியாம வளத்துருக்குகன்னு நெனச்சிட்டுப் போகவா?" அவன் சுண்ணாம்பு அடித்த மட்டையை வாளியில் போட்டான். "எங்க கேம்புல நான் ஒருத்தன்தான் தமிழன், சுபா. மத்தவன் குறை சொன்னா அது குறை. நான் சொன்னா அது வேற. இத்தன வருசம் நல்ல பேரோட இருந்துட்டேன். அதக் கெடுத்துறாத."

அவன் சொன்னதில் உண்மை இருந்தது, அதுதான் தொல்லை. தோட்டத்தில் பாதிப் பேர் அவனை ஆமிக்காரன் என்று ஒதுக்கிப் பார்த்தார்கள். ஆமியில் அவனை என்னவென்று பார்த்தார்களோ, அவன் சொன்னதில்லை. இரண்டு இடத்திலும் தலையைக் குனிந்தே நிமிர்ந்து நிற்கப் பழகியவன். சண்டை போட்டிருக்கலாம். சண்டைக்கும் ஒரு பலம் வேண்டுமே. "சரி" என்று சொல்லிவிட்டு அவள் அரிசி களையப் போனாள்.

மறுநாள் காலையில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்துக்குப் போய், இன்றைக்கு வேலைக்கு வரமாட்டேன் என்று கங்காணியிடம் சொல்லிவிட்டுத் திரும்பியபோது, வீடு அவள் வீடாக இல்லை. இராக்கம்மா பூப்போட்ட மேசைவிரிப்பைக் கொண்டுவந்து விரித்திருந்தாள். யாரோ பிளாஸ்டிக் கதிரைகள் தந்திருந்தார்கள், யாரோ புதுக் கோப்பைகள். கானில் ஒரு சருகு கிடையாது. லயத்துப் பெண்கள் நல்ல சேலை கட்டிக்கொண்டு, வேலை இருப்பதுபோல் இஸ்தோப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

சுபாஜினியும் என்ன யோக்கியம். பிரவீனனைக் குளிப்பாட்டினாள், எண்ணெய் வைத்து வகிடெடுத்தாள், அயர்ன் பண்ணிய சட்டையைப் போட்டுவிட்டாள். அவன் மூடியைக்கூடச் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொடுத்தாள். முகத்துக்குப் பவுடர் பூசும்போது நெற்றித் தழும்பின் மேல் கொஞ்சம் அழுத்திப் பூசினாள். பூசி முடித்த பிறகுதான், தான் என்ன செய்தோம் என்று அவளுக்கு உறைத்தது. துடைக்கலாம் என்று முந்தானையை எடுத்தாள். அதற்குள் போன் அடித்தது.

ஹம்ஸியா. "சுபா, இங்க வந்துட்டுப் போய்ட்டாங்க."

"எப்புடிக்கா? ஸிஹாமாவப் பாத்தாங்களா?"

"எங்க பாக்க? நான் அடுப்படியில ஈக்கக்குள்ள, லத்தீப் புள்ளய மாமி ஊட்டுக்கு அனுப்பிட்டாரு. வந்தவங்க வட்டிலாப்பத்தத் திண்டாங்க, ஊடு நல்ல வடிவா ஈக்குதுண்டாங்க. நான் வாயத் தொறக்க முந்தி இவரு அட்டென்ஷன்ல நிண்டுக்கிட்டு, பிரச்சின ஒண்டும் இல்ல சேர்ங்கிறாரு. சமையக்காரன் எண்டாலும் ஆமி ஆமிதானே." அவள் சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. "காலையில வெலிமடையிலயும் இதே கூத்துத்தான். நில்மினிட மாமியார் புள்ளைக்குச் சளித் தடிமன் மருந்தக் குடுத்து உறங்க வெச்சீக்கி. குழு வந்து, உறங்குற புள்ளயப் பாத்துட்டுப் போயீக்கி."

கையில் எடுத்த முந்தானையைச் சுபாஜினி விட்டுவிட்டாள்.

"இனி ஒன்ட ஊடு மட்டும்தான் மிச்சம்," என்றாள் ஹம்ஸியா. "என்ன செய்யப்போறாய்?"

"தெரியலக்கா," என்றாள். உண்மையிலேயே தெரியவில்லை.

உச்சி வெயில் சாய்கிற நேரத்தில் ஜீப் ஏறி வந்தது. அதன் பின்பக்கத்தில் லீக்ஸ் கட்டுகளும் கரட்டும் தலையை நீட்டிக்கொண்டிருந்தன. நில்மினியின் மாமியார் வெறுங்கையோடு யாரையும் அனுப்புகிறவள் இல்லை போலும். பிள்ளைக்கு உதவி கேட்டு வரவழைத்தவர்களுக்கு மரக்கறி கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தபோது சுபாஜினிக்குக் கோபம் வந்தது. கோபப்படவும் களைப்பாக இருந்தது.

கர்னல் நரைத்த, மெல்லப் பேசுகிற மனிதர். யாரும் சொல்லாமலே வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். மேடம் கோப்பு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு கதிரை நுனியில் உட்கார்ந்தாள். ஜெயகுமார் உட்காரவில்லை. தன் வீட்டில், தான் அடித்த சுண்ணாம்புச் சுவரின் முன்னால், கைகளைத் தொடையோடு ஒட்டி, விறைப்பாக நின்றான். பேச்செல்லாம் சிங்களத்தில் நடந்தது. சுபாஜினிக்குச் சந்தையில் பேரம் பேசுகிற அளவுக்குச் சிங்களம் தெரியும். கேட்பது புரியும், மனசில் இருப்பதைச் சொல்ல வராது.

"பிள்ளை நன்றாகத் தூங்குகிறானா?"

"தூங்குவான் சேர்."

"சாப்பாடு?"

"நல்லாச் சாப்பிடுவான் சேர்."

வெள்ளைச் சோற்றைத் தவிர வேறு எதுவும் அவன் வாயில் இறங்காது. அவன் தூங்கி அவள் பார்த்தது எப்போது என்று நினைவில்லை. "இல்ல... சில நாளைக்கு..." என்று அவள் சிங்களத்தில் தடுமாறி ஆரம்பித்தாள்.

"சில நாளைக்குக் கொஞ்சம் குறும்பு, சேர்," என்று ஜெயகுமார் முடித்து வைத்தான். கர்னல் புன்னகைத்தார். இராக்கம்மா வடைத்தட்டை நீட்டினாள்.

பிரவீனன் சுவரோரம் உட்கார்ந்து மூடியைச் சுழற்றிக்கொண்டிருந்தான். வகிடு கலையவில்லை. சட்டை கசங்கவில்லை. "அழகான பிள்ளை," என்றாள் மேடம். கோப்பில் ஏதோ எழுதினாள்.

கர்னல் எழுந்தார். "காலையிலிருந்து மூன்று வீடு பார்த்துவிட்டோம். உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷம். இங்கே தாய்மார் நன்றாகச் சமாளிக்கிறீர்கள். ஊவாவுக்கென்று தனி நிலையம் போடுகிற அளவுக்கு அவசரம் எனக்குத் தெரியவில்லை. மாதம் ஒருமுறை தொலைபேசியில் ஆலோசனை சொன்னால் போதும் என்று எழுதலாம்." மேடம் தலையாட்டினாள். ஜெயகுமார், "நன்றி சேர்," என்றான்.

நன்றி என்றான். சுபாஜினியின் காதில் அந்த ஒரு சொல்தான் நின்றது. ஏறி இறங்கிய மேசைகள், ரயில், பூனாகலையில் தட்டிக்கொண்டேயிருந்த கதவு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு நன்றி. கர்னல் சப்பாத்தை மாட்டக் குனிந்தார்.

மூடி தரையில் ஆடி அடங்கிக்கொண்டிருந்தது. அவள் போய் மகனுக்கு முன்னால் முட்டி போட்டாள். இத்தனை வருஷம் அந்த மூடியை யாரும் பறித்துவிடாமல் காவல் காத்தவள் அவள்தான். லயத்துப் பிள்ளைகள் விளையாட்டுக்குத் தொட்டால்கூடக் கம்பெடுத்துக்கொண்டு போவாள். அவனிடமிருந்து அதை எடுக்கிற ஆள் அவளாக இருக்க மாட்டாள் என்பது அவனுக்கும் தெரியும். அதனால்தான் அவள் கையை நீட்டியபோது அவன் தடுக்கவே இல்லை. எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

பிரவீனன் யார் முகத்தையும் பார்க்கிறவன் அல்ல. அன்றைக்கு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

பிறகு கத்தினான்.

கர்னல் ஒற்றைச் சப்பாத்தோடு திரும்பினார். பிள்ளை கையைக் கடித்தான், உருண்டான், எழுந்து, தலையைச் சுவரில் மோதினான். மறுபடி மோதினான். சுண்ணாம்பு இன்னும் சரியாகக் காயவில்லை. தலைமுடியிலும் முகத்திலும் வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. பவுடர் போய்த் தழும்பு தெரிந்தது. தழும்பு வெடித்து ரத்தம் வந்தது. சுவரில் சிவப்பாக ஒரு தடம் விழுந்தது. லயத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வாசலைவிட்டு நகர்ந்தார்கள், வழக்கமாகச் செய்வதுதான். ஜெயகுமார் பிள்ளையைப் பிடிக்க ஓடினான். எப்படிப் பிடிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. முன்பக்கமாக அணைக்கப் போய், மூக்கில் ஒரு இடி வாங்கிக்கொண்டு, கையைத் தொங்கப்போட்டு நின்றான்.

சுபாஜினிக்குத் தெரியும். பின்பக்கமாக உட்கார்ந்து கால்களால் அவனை வளைத்துக்கொண்டாள். ஒரு கையை விரித்துச் சுவரில் ஒட்டி வைத்தாள். இனி அவன் மோதுவதெல்லாம் அவள் புறங்கையைச் சுவரில் நசுக்கியது. மூடியைத் திருப்பி அவன் முன்னால் வைத்தாள். அவன் அதை உதைத்துத் தள்ளினான். அது போய்க் கர்னலின் காலடியில் சுழன்றது. பிள்ளையின் தொண்டை கம்மி, உடம்பு தளர்கிறவரைக்கும் எல்லாரும் அப்படியே நின்றார்கள். அது கொஞ்ச நேரம் அல்ல.

கடைசியில் கர்னல் ஜெயகுமாரைக் கேட்கவில்லை, அவளைக் கேட்டார். "ஒவ்வொரு நாளும் இப்படியா?"

"ஆமாங்க," என்றாள் தமிழில். பிறகு புருஷனைப் பார்த்தாள். "நான் சொல்றத அப்படியே சொல்லுங்க. ஒண்ணும் கொறைக்க வேணாம்."

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினான்.

"இத நான்தான் பண்ணுனேன். அவன் கையில இருந்ததப் புடுங்குனேன். இல்லாட்டி நீங்க நல்ல புள்ளன்னு எழுதிட்டுப் போயிருப்பீங்க. நீங்க பாத்த மூணு வீட்லயும் ஒங்களுக்காகக் கழுவித் தொடச்சு வெச்சிருந்தோம். ஒரு புள்ளய ஒளிச்சாங்க, ஒரு புள்ளயத் தூங்க வெச்சாங்க. நாங்க பொய் சொல்லணும்னு செய்யல. பெரியவங்க வந்தா அப்புடித்தான் செய்வோம், வேற மாதிரி எங்களுக்குத் தெரியாது." மூச்சு வாங்கினாள். "இவனுக்கு ஒரு வார்த்த சொல்லிக் குடுத்தாங்க. இவங்கப்பாவ மாத்தினப்போ அதுவும் போயிருச்சு. இவரு எங்க வேலைக்குப் போறதுன்னு நீங்கதான் சொல்றீங்க. போறாரு. அதுக்குப் புள்ளயோட வாய ஏங்க பூட்டுறீங்க?"

ஜெயகுமார் சொன்னான். நடுவில் எங்கேயோ விறைப்பு விட்டுப்போய், சுவரில் சாய்ந்து, முதுகெல்லாம் சுண்ணாம்பாகி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். பொய்யென்ற இடத்தில் கொஞ்சம் நின்றான். பிறகு அதையும் சொன்னான். முடிவில் "சேர்" போட மறந்துவிட்டான்.

மேடம் கோப்பைத் திறந்து, எழுதியிருந்ததன்மேல் ஒரு கோடு போட்டாள். கர்னல் குனிந்து மூடியை எடுத்தார். பிள்ளையிடம் கொடுக்கலாமா என்று கேட்பதுபோல் சுபாஜினியைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். அவர் அதைப் பூப்போட்ட மேசைவிரிப்பின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

ஜீப் இறங்கிப் போனபிறகு சுபாஜினி அழுதாள். ஜெயித்துவிட்டோமா என்று தெரியவில்லை, தெரிந்தாலும் அதற்காக அழுதிருக்க மாட்டாள். பெற்ற பிள்ளையை நாலு பேர் பார்க்க வேண்டும் என்று கதறவிட்டவள் தான் ஒருத்திதான் என்று தோன்றியது. தன்மேல் அவளுக்கு வெறுப்பாக இருந்தது. ஜெயகுமார் அவள் வீங்கிய கையைத் தண்ணீரில் நனைத்துத் துணி சுற்றினான். எதுவும் திட்டவில்லை. வாளியில் சுண்ணாம்பு மிச்சம் இருந்தது. சுவரில் இருந்த சிவப்புத் தடத்தைப் பார்த்தான், வாளியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கானில் கொட்டினான்.

அதன்பிறகு பல மாதம் ஒரு தகவலும் இல்லை. பிறகு ஒருநாள் வந்தது. பதுளையில், ஒரு பழைய கட்டடத்தின் பின்பக்கத்தில், இரண்டு அறை. வாரத்துக்கு ஒரு நாள். ஊவாப் பக்கத்துப் படைக்குடும்பப் பிள்ளைகளுக்கு. தமிழில் சொல்லிக்கொடுக்கப் பண்டாரவளைப் பெண் ஒருத்தி, நிரஞ்சலா மிஸ். இடமாற்ற விதியைப் பற்றி மட்டும் இன்னும் ஆராய்கிறார்களாம். அதை ஆராய்கிற மேசை எது என்று ஹம்ஸியா தேடிக்கொண்டிருக்கிறாள். நில்மினியின் மாமியாரிடம், இந்தத் தடவை யாருக்கும் மரக்கறி கொடுக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

பிரவீனனுக்கு அங்கே பழக்கமாகச் சில வாரம் பிடித்தது. நிரஞ்சலா மிஸ்ஸுக்குப் பொறுமை அதிகம். மூடியை அவள் பறிக்கவில்லை. அதை வைத்தே ஒரு விளையாட்டு ஆரம்பித்தாள். கையை நீட்டி "குடு" என்பாள். அவன் கொடுத்தால் ஒரு சுற்று சுற்றிவிட்டு உடனே திருப்பிக் கொடுப்பாள். கொடுத்தால் திரும்பி வரும் என்று பிள்ளைக்குப் புரிய வேண்டுமாம். புரிந்தது. மிஸ்ஸிடம் கொடுத்தான். ஹம்ஸியாவிடம் கொடுத்தான். ஸிஹாமா பிடுங்காத குறையாகக் கையை நீட்டியபோதும், யோசித்து, கொடுத்தான்.

"இப்ப அம்மாகிட்ட குடுங்க பாப்பம்," என்றாள் மிஸ்.

சுபாஜினி தரையில் அவனுக்கு முன்னால் உட்கார்ந்து கையை நீட்டினாள். அன்றைக்குச் சுவரில் நசுங்கி நகம் கறுத்த விரல் இன்னும் சரியாக மடங்கவில்லை.

"குடு சாமி," என்றாள்.

பிரவீனன் மூடியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். நிமிர்ந்தான். அவள் முகத்தைப் பார்த்தான், இரண்டாவது தடவையாக.

"வேணாம்," என்றான்.

தெளிவாகச் சொன்னான். சிங்களத்தில் அல்ல. ஹம்ஸியா, "அல்லாவே, புள்ள பேசிட்டானே," என்று வாயைப் பொத்திக்கொண்டாள். நிரஞ்சலா மிஸ் கைதட்டினாள். சுபாஜினி நீட்டிய கையை மெல்ல இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை.

"சரிப்பா," என்றாள். "அம்மா எடுக்கல."

அவன் நம்பவில்லை. மூடியைப் பின்னாலேயே வைத்திருந்தான்.

லயத்துக்குப் போனதும் எம்புள்ள பேசிருச்சு என்று அவள் சொல்லுவாள். யாராவது ஒருத்தி, அம்மான்னு சொல்லலியா என்று கேட்பாள். அம்மான்னு சொல்லல, அம்மாகிட்டதான் சொன்னான் என்று சொல்ல வேண்டும்.